அரசாங்கத்து அர்ச்சனை

“…எனக்கு இவையின்ர இங்கிலிஷ் விளங்கேல்லை, அதுதான் உன்னைக் கேக்கிறன். அண்ணான்ர பெயரை வாசிச்சாச்சோ?”

அம்மா இதைக் கேட்டபோது எனக்குப் பதினொரு வயது. நகரசபைக் கட்டடத்தின் கீழ்மாடி மண்டபத்தில், ஓர் இரும்பு மடக்குக் கதிரையில், கோட்டைக் கழற்றாமல் இருந்தேன். அன்றைக்கு நான் சொன்ன பதிலை இத்தனை வருடமாக ஒருவரிடமும் சொன்னதில்லை.

போன மாதம் பிக்கரிங்கில் நம்மில் ஒருத்தி புது வீடு குடிபுகுந்தாளே, அங்கே கூடியிருந்தோம். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு கண்ணாடி தேடுகிற வயது எல்லோருக்கும். சாப்பிட்டு முடித்துத் தேத்தண்ணி குடிக்கும்போது உங்களில் யாரோ தொடங்கிவைத்தீர்கள்: “அம்மா அப்பாவுக்கு இங்கிலிஷை மொழிபெயர்த்துச் சொல்லித் திரிஞ்ச காலத்தில, ஆர் ஆர் என்னென்ன புளுகினனீங்கள்?” பல் டொக்டர் இனிப்புச் சாப்பிடக்கூடாது என்றதை ஒருவர் “பாகற்காய் சாப்பிடக்கூடாதாம்” என்று சொல்லி ஏழு வருடம் தப்பியிருக்கிறார். இன்னொருத்தியின் வகுப்பு ரீச்சர், பிள்ளை ரிவி அதிகம் பார்க்கிறாள் என்று முறையிட, “நான் ரிவி பாக்கிறது காணாதாம் அம்மா” என்று இவள் சொல்ல, தாய் அடுத்த நாளே பெரிய ரிவி ஒன்று வாங்கிப்போட்டாராம். விழுந்து விழுந்து சிரித்தோம். என் முறை வந்தபோது, “இவளெல்லாம் அப்பவே நல்ல பிள்ளை, இவளிட்ட ஒண்டும் இராது” என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள்.

இருந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

கனடாவுக்கு வந்த புதிதில், வெக்ஸ்போர்ட்டில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் எட்டாம் மாடியில் இருந்தோம். லிஃப்டுக்குள் எப்போதும் யாரோ ஒருவருடைய வெங்காயம் மணக்கும். அப்பா முதலில் வந்து, கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலைக்கு நின்று, பிறகு அம்மாவையும் என்னையும் கூப்பிட்டார். அண்ணாவையும் கூப்பிட்டிருக்கலாம். அந்த வருடம் அவருக்கு உயர்தரச் சோதனை. “படிச்ச படிப்பு வீணாகக்கூடாது, சோதினையை எழுதிப்போட்டு வரட்டும்” என்று அப்பா கடிதம் போட்டார். நம் ஆட்களுக்கு வீடு எரிந்தாலும் புத்தகத்தைத்தானே முதலில் வெளியே எறியத் தோன்றும். அப்பாவும் அப்படித்தான் யோசித்தார். எங்களைச் சுற்றி இருந்தவர்களில் ஒருவர்கூட அதைப் பிழை என்று சொல்லவில்லை.

அண்ணா சோதனை எழுதினார். கடைசிப் பாடத்தை எழுதிவிட்டு பஸ்ஸில் திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் இறக்கினார்கள். இறக்கியதைக் கண்டவர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் ஒருவரும் இல்லை. பெரியப்பா எழுதிய கடிதம் எங்களிடம் வந்து சேர ஐந்து கிழமை எடுத்தது. அதற்குப் பிந்தி இன்னொரு கடிதம் வந்தது. அண்ணா நல்லாய்ப் பாஸ் பண்ணியிருந்தார். அப்பா அந்தச் சோதனை முடிவை வாங்கித் தன் உடுப்பு அலுமாரியின் மேல் லாச்சியில் வைத்து மூடினார். பிறகு அந்த லாச்சியை அவர் திறந்து நான் காணவில்லை. அதற்குள் இருந்த அவருடைய நல்ல சேட்டுகளும் அங்கேயே கிடந்தன.

அந்த வருடப் பனி உருகத் தொடங்கிய நேரம், ஒரு சனிக்கிழமை சங்கத்து அங்கிள் வீட்டுக்கு வந்தார். ஊரில் தபாற்கந்தோரில் வேலை செய்தவர். இங்கே எங்கள் கட்டடத்துத் தமிழ்ச் சங்கத்துக்குத் தலைவர், செயலாளர், கதிரை அடுக்குகிறவர் எல்லாம் அவர்தான். சப்பாத்தை வாசலில் கழற்றும்போதே செய்தியைச் சொன்னார்.

“தங்கச்சி, கனடாவில எல்லாத்துக்கும் ஒரு ஃபோம் இருக்கு. அழுறதுக்கு மட்டும்தான் இல்லாமல் இருந்தது. இப்ப அதுக்கும் ஒரு நாள் வைச்சிட்டினம். வாற வியாழக்கிழமை கவர்மேந்தின்ர பிரார்த்தனை நாள். நகரசபையில செய்யினம். கவுன்சிலர் வாறார்.”

அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தார். “ஆர் கும்பிடுறது அண்ணை?”

“கவர்மேந்துதான்.”

“கவர்மேந்து ஆரைக் கும்பிடும்?”

அங்கிள் இதை எதிர்பார்க்கவில்லை. “பொதுவா” என்றார்.

“பொதுவா எண்டா?”

“எல்லாச் சாமியையும் ஒண்டாச் சேர்த்து. ஃபாதர் வாறார், மௌலவி வாறார், எல்லாரும் வருவினம். சைவத்துக்கும் ஒராளைக் கேட்டவை. கோயில் ஐயருக்கு அண்டைக்குக் கலியாணம் ஒண்டு இருக்காம். அதால…” என்று கழுத்துப்பட்டியைத் தொட்டுப் பார்த்தார், “நான்தான் தேவாரம் பாடுறன்.”

அலுமாரிப் பக்கம் நின்ற அப்பா மூக்கால் ஒரு சத்தம் விட்டார்.

அம்மா அதைக் கவனிக்கவில்லை. “ஆருக்காகக் கும்பிடுகினம்?”

“கஷ்டப்படுற எல்லாருக்காகவும்தான் தங்கச்சி.”

“அப்ப, பெயர் நட்சத்திரம் குடுக்கலாமோ?”

இந்த இடத்தில் அங்கிள் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். மனம் வரவில்லை. “கேட்டுப்பாப்பம்” என்றார். நம் ஆட்கள் கேட்டுப்பாப்பம் என்றால் அது நடக்காது என்று அர்த்தம். பொம்பிளை கேட்டு வந்தவருக்கும் கடன் கேட்டு வந்தவருக்கும் நம் ஊரில் அதே பதில்தான். அம்மாவுக்கும் அது தெரியும். ஆனால் அன்றைக்கு அதை ஓம் என்று எடுத்துக்கொண்டார்.

அங்கிள் போனதும் அப்பா சொன்னார்: “கவர்மேந்து கும்பிட்டு உலகத்தில ஆர் திரும்பி வந்தது?”

“கோயில்ல ஐயர் பெயர் சொன்னால் கடவுளுக்குக் கேக்கும். கவர்மேந்து பெயர் சொன்னால் கவர்மேந்துக்குக் கேக்கும். கடவுளுக்குச் சொல்லிப் பாத்தாச்சு” என்றார் அம்மா. “அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.”

“அழுறது கேக்கிற தூரத்தில தாய் நிக்கவேணும்” என்று சொல்லிவிட்டு அப்பா பின்னேர வேலைக்குப் போனார். இரண்டு பேரும் சொன்னதை நான் இன்றைக்கும் மனதில் வைத்திருக்கிறேன். எது சரி என்று கேட்டால், அப்பா சொன்னதுதான். ஆனால் அப்பா சொன்னதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி காலையில் எழும்ப ஏலாது.

வியாழக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்று அம்மா முடிவு செய்தார். அவர் விடியவே தலை முழுகி, கூறைக்கு அடுத்த நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டி, அதற்கு மேல் அப்பாவின் குளிர் ஜக்கெட்டைப் போட்டார். காலில் வெள்ளைச் சப்பாத்து. கையில் ஒரு பலசரக்குக் கடைப் பை. அதற்குள் ஒரு தேங்காய், மூன்று வாழைப்பழம், வெற்றிலை. “அர்ச்சனைக்கு வெறுங்கையோட போறதோ?” என்றார். பெரியப்பாவின் கடிதம் வந்த நாளிலிருந்து காலைச் சாப்பாட்டைத் தொடாதவர், அன்றைக்கு இரண்டு துண்டு பாண் சாப்பிட்டார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இருந்து, தெருவோரம் கறுத்துக் கிடந்த பனிக் குவியல்களைப் பார்த்து, “உதுகும் கரையத்தானே போகுது” என்றார். அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு காலம்!

மண்டபத்தில் கோப்பியும் ஈரக் கம்பளமும் சேர்ந்து மணத்தன. வாசலோடு ஒரு மேசை. அதில் நாடா கட்டிய ஒரு கூடை, வெள்ளை அட்டைகள், பென்சில்கள். யாருக்காகப் பிரார்த்திக்க விரும்புகிறீர்களோ அதை எழுதிப் போடலாம் என்று ஒரு பலகையில் இருந்தது. அதை வாசித்துச் சொன்னதும் அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். “நான் சொன்னனெல்லே? பெயர் நட்சத்திரம் வாங்குகினம்!”

அவர் சொல்லச் சொல்ல நான் இங்கிலிஷ் எழுத்தில் எழுதினேன். அண்ணாவின் பெயர். பூரட்டாதி நட்சத்திரம். கும்பராசி. அப்பாவின் பெயர், பள்ளிக்கூடத்தின் பெயர், அடையாள அட்டை இலக்கம். அதை அம்மா மனப்பாடமாக வைத்திருந்தார். பஸ்ஸால் இறக்கிய இடம். போட்டிருந்த சேட்டின் நிறம், இளநீலம். அட்டை நிரம்பி, பின்பக்கமும் நிரம்பியது. “நட்சத்திரத்தைப் பெரிசா எழுது” என்றார்.

மேசைக்குப் பின்னால் நின்றவர் கவுன்சிலரின் காரியதரிசி. நரைத்த தலை, பெப்பர்மின்ட் வாசம். தேங்காயை வாங்கி, மரியாதையாக இரண்டு கையாலும் பிடித்து, கேக்குகளுக்குப் பக்கத்தில் வைத்தார். அம்மா என்னை இடித்தார். “எப்ப வாசிப்பினம் எண்டு கேள்.”

கேட்டேன். அந்தப் பெண் குனிந்து, என் கண்ணுக்கு நேராக முகத்தைக் கொண்டுவந்து சொன்னார். பெயர்கள் வாசிப்பதில்லையாம். நிறையப் பேர் வருவார்கள், ஒருவரைச் சொல்லி இன்னொருவரை விட முடியாதாம். கடைசியில் ஒரு நிமிடம் எல்லோரும் எழுந்து மௌனமாக நிற்போம், அவரவர் தங்கள் ஆட்களை நினைத்துக்கொள்ளலாம். “அம்மாவுக்கு விளங்கப்படுத்துவாயா?” என்றும் கேட்டார். நல்ல மனுஷி. ஒன்றையும் மறைக்கவில்லை.

“என்னவாம்?” என்றார் அம்மா.

இரண்டு துண்டு பாணை நினைத்தேன்.

“ஓம் அம்மா. வாசிப்பினமாம்.”

“எப்ப?”

“கடைசியில.”

பொய் சொல்வது பெரிய காரியமில்லை, அதற்குச் சோறு போட்டு வளர்ப்பதுதான் கஷ்டம் என்று சங்கத்து அங்கிள் வேறு எதற்கோ ஒருநாள் சொன்னார். கதிரையில் போய் இருந்த உடனே கூடையைத் திரும்பிப் பார்த்தேன். எல்லாம் முடிந்து வெளியே போகும்போது அம்மா அந்தக் கூடையைப் பார்ப்பார். வாசிக்காத அட்டை அங்கேயே கிடக்கும். என் கையெழுத்து, பெரிதாக எழுதிய பூரட்டாதி. ஜூஸ் எடுக்கப் போகிறேன் என்று எழுந்து போனேன். எங்கள் அட்டை மேலிருந்து மூன்றாவதாக இருந்தது. அதற்கு மேல் கிடந்த அட்டையில் யாரோ தன் நாயின் சத்திரசிகிச்சைக்காகக் கேட்டிருந்தார். எங்களுடையதை மட்டும் எடுத்து மடித்து, கோட்டுப் பைக்குள் போட்டேன். ஒருவரும் காணவில்லை.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். காவி உடுத்த பிக்கு ஒருவர் மேடைக்கு ஏற, அம்மாவின் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது. “உவர் எங்கத்தையாள்? சிங்களவரோ?” நிகழ்ச்சித் தாளைப் பார்த்து, தாய்லாந்துக்காரர் என்றேன். “நல்ல முகம்” என்றார் அம்மா, ஆனால் அவர் இறங்கும்வரை கையை விடவில்லை.

சங்கத்து அங்கிள் எங்களைக் கடந்து மேடைக்குப் போகையில் அம்மா அவரைச் சேலைத் தலைப்பு அவிழ எட்டி மறித்தார். “அண்ணை, நீங்கள் தமிழிலதானே பாடுறியள். அதுக்குள்ள பிள்ளையின்ர பெயரையும் ஒருக்காச் செருகிவிடுங்கோ.”

“தங்கச்சி, எனக்கு ரெண்டு நிமிஷம்தான். உன்ர பிள்ளையைச் சொன்னால், கட்டடத்தில இன்னும் நாப்பது வீடு இருக்கு. அதுகளுக்கு நான் எந்த முகத்தோட முழிக்கிறது?”

போய்ப் பாடினார். இரண்டாவது அடியில் வரி மறந்து, மறுபடி முதலடியையே பாடி முடித்தார். அந்த மண்டபத்தில் அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். எல்லோரும் கைதட்டினார்கள்.

கடைசியாகக் கவுன்சிலர். உயரமான, நெற்றி ஏறிய மனிதர். தங்க முத்திரை ஒட்டிய தாளைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு வைத்திருந்தார். இந்த நாளைப் பிரார்த்தனை நாளாக அறிவிப்பதாக நீளமாக வாசித்தார். ஒவ்வொரு வசனத்துக்கும் அம்மா தலையை ஆட்டினார். பிறகு எல்லோரையும் எழும்பச் சொன்னார். ஒரு நிமிட மௌனம்.

அந்த ஒரு நிமிடத்தில் சுவரோரச் சூட்டுக் குழாய் டிக் டிக் என்றது. யாரோ இருமினார்கள். அம்மா கண்ணை மூடவில்லை. கவுன்சிலரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அரசாங்கம் எழுந்து நின்று காணாமல் போனவர்களை எல்லாம் நினைத்த அந்த நிமிடத்தில், என் அண்ணா என் கோட்டுப் பைக்குள் இரண்டாக மடிந்து கிடந்தார்.

அதற்குப் பிறகு வந்த வருடங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த நாளை முடிக்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

தேங்காய் எங்களோடு பஸ்ஸில் திரும்பி வந்தது. உடைக்க அங்கே இடம் இருக்கவில்லை. அடுத்த நாள் சம்பலாகியது. அந்த வருடக் கோடையில், காணாமல் போனவர்களைத் தேடிக்கொடுக்கிற ஒரு நிறுவனத்தின் படிவத்தைச் சங்கத்து அங்கிள் கொண்டுவந்து தந்தார். எட்டுப் பக்கம். என்ன தழும்பு, எந்தப் பல் இல்லை, கடைசியாக என்ன சாப்பிட்டார் என்பதுவரை கேட்டிருந்ததை நான் வாசித்துச் சொன்னேன். அம்மா புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார். “அதுதான் அரசாங்கத்திலயே குடுத்தாச்சே. ரெண்டு பரியாரியிட்ட ஒரு வருத்தத்தைக் காட்டினால் ரெண்டு பேரும் கைவிட்டிடுவினம்.” படிவம் குளிர்ப்பெட்டிக் கதவில் காந்தத்துக்குக் கீழே நின்றது. அதற்கு மேல் பீட்சாக் கடை விளம்பரம் வந்தது, என் பள்ளிக்கூடப் படம் வந்தது. வீடு மாறும்போது அது எங்கே போனது என்று தெரியாது. அந்தக் கோடை முழுவதும் நான் தினமும் தபால் பெட்டியைத் திறந்து, “இண்டைக்கும் கவர்மேந்துக் கடிதம் இல்லை அம்மா” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள்கூட உண்மையைச் சொல்லவில்லை.

படிவத்தை நிரப்பியிருந்தால் கிடைத்திருப்பாரா? நிரப்பிய வீடுகளை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்த வீடுகளிலும் ஒருவரும் வந்து கதவைத் தட்டவில்லை. அதை ஆறுதல் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அடுத்த குளிருக்கு அந்தக் கோட் எனக்குச் சின்னதாகிப் போனது. அம்மா அதைத் துவைக்காமலே, கட்டடத்துக்குக் கீழே இருந்த பழைய உடுப்புப் பெட்டிக்குள் போட்டார். நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது கோட் தொங்கிய ஆணி வெறுமையாக இருந்தது. அட்டை இன்னும் அதன் பைக்குள்தான் கிடந்தது. ஓடிப்போய் அந்தப் பெட்டியின் வாய்க்குள் தோள்வரை கையை விட்டேன். எட்டவில்லை. இளநீலச் சேட்டும் பூரட்டாதியும் எந்தப் பிள்ளையின் பைக்குள் போனதோ. கண்டெடுத்த பிள்ளைக்கும் அது ஒரு கடதாசித் துண்டுதான்.

அப்பா அந்த லாச்சியைத் திறக்காமலே போய்ச்சேர்ந்தார். அம்மா கடைசி ஆறு வருடம் என்னோடு ஸ்ரௌவ்வில்லில் இருந்தார். அக்கம்பக்கத்தில் ஒரு மனிதரையும் காணாத தெரு. கார் இல்லாமல் பால்கூட வாங்க முடியாது. ஜன்னலடியில் இருந்து தபால் வண்டியைப் பார்ப்பார். சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் தேத்தண்ணியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். அவர் போய் இரண்டு குளிர் முடிந்துவிட்டது.

போன மாதம் உங்களோடு சிரித்துவிட்டு, நெடுஞ்சாலையில் தனியே வண்டி ஓட்டி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடம் உறைக்காமல் போனதை என்னவென்று சொல்ல. அம்மாவுக்கு இங்கிலிஷ் தெரியாதுதான். பெற்ற பிள்ளையின் பெயரைக் கேட்டால் விளங்க எந்தப் பாஷை வேண்டும்? நகரசபை என்ன, சீனத்து ராசா வாசித்திருந்தாலும் அந்தப் பெயர் அவருக்குக் கேட்டிருக்கும். கவுன்சிலரின் வாயை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்ற மனுஷி. வாசிக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் என்னைக் கேட்டார். படிவத்தை ஏன் நிரப்பவில்லை என்பதும் இப்போது எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. எந்தப் பல் இல்லை என்பது உயிரோடு இருக்கிறவரைத் தேடுகிற கேள்வி இல்லை என்று அவருக்கு விளங்கியிருக்கிறது. என் பொய், அதை எழுதாமல் விட அவருக்கு ஒரு சாட்டாக இருந்தது. நான் அவரை ஏமாற்றினேன் என்று முப்பது வருடத்துக்கு மேல் வெந்துகொண்டிருந்தேன். அந்த வீட்டில் ஏமாந்தது நான் ஒருத்திதான்.

நிமிடம் முடிந்தது. கதிரைகள் கிறீச்சிட்டன. மனிதர்கள் கோப்பி மேசைக்கு நகரத் தொடங்கினார்கள். அம்மா என் பக்கம் திரும்பி, தனக்கு இவர்களுடைய இங்கிலிஷ் விளங்கவில்லை என்றும், அதுதான் கேட்பதாகவும் சொல்லி, அண்ணாவின் பெயரை வாசித்தாயிற்றா என்று கேட்டார். கோட்டுப் பைக்குள் என் கை அட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“ஓம் அம்மா, வாசிச்சாச்சு.”

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். பிறகு, சனங்களை விலக்கிக்கொண்டு நேரே கவுன்சிலருக்கு முன்னால் போய், குனிந்து, இடது கைக்கு மேல் வலது கையை வைத்து, பிரசாதத்துக்கு ஏந்தினார்.